சேமிக்கும், அனுப்பாது

3 நவம்பர் 2025, திங்கள்

பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறும்போதே வாடிக்கையாளரிடமிருந்து செய்தி. "இன்வாய்ஸ் போய்விட்டதென்று உங்கள் ஏஐ ஏஜென்ட் சொன்னது. அந்தப் பக்கம் ஒன்றுமே வரவில்லையே?"

ஜார்ஜ் டவுன் கரை சேர்வதற்குள் ஏஜென்டின் லாகை, அதாவது நடந்ததன் பதிவை, படித்துவிட்டேன். வாடிக்கையாளர் ஒரு கர்ல் கட்டளையை (சர்வருக்கு ரிக்வெஸ்ட், அதாவது கோரிக்கை, அனுப்பும் கட்டளை) ஒட்டி "இதை அனுப்பிப் பார்" என்றிருக்கிறார். ஏஜென்ட் தன் வேலைக்காக அழைக்கும் நிரல்களில் ஒன்றான எங்களுடைய 'இம்போர்ட் ரிக்வெஸ்ட்' டூலை அழைத்திருக்கிறது. டூல் அதைச் சேமித்துவிட்டு மொட்டையாக "சக்சஸ்" என்றது. ஏஜென்டும் அதை நம்பி "அனுப்பிவிட்டேன்" என்று சொல்லிவிட்டது.

டூலின் விளக்கத்தை எழுதியவன் நான்தான். ஒரே வரி: "கர்ல் கட்டளையை இறக்குமதி செய்து, ரிக்வெஸ்டை இயக்கத் தயாராக்கும்." இயக்குமா, தயாராக்குவதோடு நிற்குமா? இன்று படித்தால் எனக்கே குழப்பமாக இருக்கிறது.

இது இ-இன்வாய்ஸின் சோதனைத் தளம், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இதே குழப்பம் எதிர்த்திசையில் நடந்து, சேமிக்கச் சொன்னதை உண்மைத் தளத்துக்கு அனுப்பியிருந்தால்? மலேசிய வரித்துறையின் இ-இன்வாய்ஸ் தளமான மைஇன்வாய்ஸில் சரிபார்க்கப்பட்ட ஆவணத்தை ரத்து செய்ய 72 மணி நேரம்தான் உண்டு. அதை நினைத்துப் பார்த்ததும் மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்தேன்.

4 நவம்பர்

எங்கள் டூல்கள் எம்சிபி வழியாகத்தான் ஏஜென்டுக்குப் போகின்றன. ஏஐ மாடல்களை வெளி டூல்களோடு இணைக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறை அது. அதில் ஏஜென்டை இயக்கும் மாடலின் கண்ணுக்குத் தெரிவது டூலின் பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா (எந்த உள்ளீடு, எந்த வடிவில் என்ற குறிப்பு), அவ்வளவே. நான் எழுதிய கோட் (நிரல்) தெரியாது. கோடுக்குள் எவ்வளவு கவனமாகக் கமென்ட் எழுதியிருந்தாலும் அது மாடலுக்கு எழுதியதாகாது.

புதிய விளக்கம்: "ஒரு கர்ல் கட்டளையை ரிக்வெஸ்டாக மாற்றிச் சேமிக்கும். சர்வருக்கு எதையும் அனுப்பாது."

பக்கத்து மேசை அக்காவிடம் காட்டினேன். "சரி தம்பி, அனுப்பணும்னா அது எதக் கூப்பிடும்?" என்றார். அதை எழுதவே இல்லை. "அனுப்ப 'சென்ட் ரிக்வெஸ்ட்' டூலைப் பயன்படுத்து" என்று சேர்த்தேன். திரும்பி வரும் பதிலையும் மாற்றினேன்: "சேமிக்கப்பட்டது, இன்னும் அனுப்பப்படவில்லை", கூடவே ரிக்வெஸ்ட் எண். டூல் தரும் பதிலும் விளக்கத்தின் பாதிதான். அது மொட்டையாக இருந்தால் மீதியை மாடல் தானே கற்பனை செய்துகொள்கிறது.

6 நவம்பர்

இன்று வேறு சிக்கல். 'போஸ்ட்' (தரவை அனுப்பும் முறை) ஆக வரவேண்டிய ரிக்வெஸ்ட் 'கெட்' (தரவைக் கேட்கும் முறை) ஆக வந்து உட்கார்ந்திருக்கிறது, தரவு இருக்கவேண்டிய பாடி காலி.

1998-லிருந்து புழக்கத்தில் இருக்கும் கர்லுக்கு ஒரு பழக்கம் உண்டு. மெத்தட் (போஸ்டா, கெட்டா என்ற முறை) எதுவென்று சொல்லாமல் '-டி' (-d) என்று போட்டுத் தரவைக் கொடுத்தாலே அதைப் போஸ்டாக எடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளரின் கட்டளை ஆறு வரி. கடைசி வரி தவிர ஒவ்வொரு வரி முடிவிலும், கட்டளை தொடர்கிறது என்று காட்டும் பின்சாய்வுக்கோடு (\), '-டி' கடைசி வரியில். ஏஜென்ட் முதல் மூன்று வரிகளை மட்டும் எடுத்து "சுத்தமாக" எங்களிடம் கொடுத்துவிட்டது. '-டி' இல்லாததால், கட்டளையைப் பிரித்துப் படிக்கும் எங்கள் பார்சர் 'கெட்' என்று முடிவு கட்டியது.

ஏஜென்டைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்த உள்ளீட்டுக்கு நான் எழுதியிருந்த விளக்கம் "கர்ல் கட்டளை", இரண்டே சொல். இப்போது இப்படி இருக்கிறது: "பயனர் தந்த கட்டளை முழுவதும், எழுத்து மாறாமல். வரிகளை வெட்டாதே, மேற்கோள் குறிகளைத் திருத்தாதே, ஹெடர்களை நீக்காதே." ஒரு சிறு எடுத்துக்காட்டும் வைத்தேன், வேண்டுமென்றே பல வரிகளில்.

குரோமிலிருந்து விண்டோஸின் கட்டளைத் திரையான சிஎம்டிக்கென்று நகலெடுத்தால் பின்சாய்வுக்கோடு இருக்கும் இடத்தில் கேரட் குறி (^) வரும். எங்கள் பார்சருக்கு அது புரியாது. "பேஷ் வடிவம் மட்டும்" (பின்சாய்வுக்கோடு போடும் வடிவம்) என்று விளக்கத்தில் எழுதிவிட்டுத் தப்பிக்கப் பார்த்தேன். அக்கா விடவில்லை. பார்சரைத் திருத்துவதுதான் முறை, திருத்தினோம்.

11 நவம்பர்

பிரவுசரில் நகலெடுக்கும் கர்ல் கட்டளையோடு குக்கியும் ஆத்தரைசேஷன் டோக்கனும் (உள்நுழைந்தவர் யாரென்று சர்வருக்குக் காட்டும் ரகசியங்கள்) சேர்ந்தே வரக்கூடும். எழுத்து மாறாமல் கொடு என்று சொன்னவன் நான். அப்படியென்றால் அந்த ரகசியங்கள், குழு முழுவதும் பார்க்கும், சேமித்த ரிக்வெஸ்ட்களின் தொகுப்பான கலெக்‌ஷனில் போய் உட்காரும்.

"ரகசியங்களை நீக்கிவிட்டுக் கொடு" என்று விளக்கத்தில் எழுதலாம் என்றார்கள். எனக்கு உடன்பாடில்லை. விளக்கம் மாடலுக்கு வழிகாட்டும், பூட்டாக நிற்காது. நூறு தடவை கேட்டு நடந்துவிட்டு ஒரு தடவை மறந்தாலும் டோக்கன் வெளியே போய்விடும். அதனால் டோக்கன், குக்கி மதிப்புகளை மாறிகளாக (பிறகு நிரப்பும் வெற்றிடங்களாக) மாற்றும் வேலையைக் கோடிலேயே வைத்தோம். விளக்கத்தில் "டோக்கன் மதிப்புகள் சேமிக்கப்படாது, அனுப்பும் முன் பயனர் நிரப்ப வேண்டும்" என்று மட்டும் இருக்கிறது. அது உண்மைக்குப் பொருந்துகிற வரி.

12 நவம்பர்

மதியம் முழுக்கச் சோதனை. எங்கள் ஆட்கள் ஏஜென்டிடம் பேசுவது போலவே மலாய் கலந்து பேசினோம். "இத சிம்பான் (சேமி) பண்ணு" என்றால் சேமிக்கிறது. "ஹந்தார் (அனுப்பு) பண்ணிடு" என்றால் அனுப்பும் டூலுக்குப் போகிறது. "சும்மா சூபா (முயற்சி) பண்ணி பாரு" என்றபோது மட்டும் தடுமாறியது. மனிதருக்கே அதன் பொருள் ஆளுக்கு ஆள் மாறும். "பயனர் சேமிக்கச் சொன்னாரா அனுப்பச் சொன்னாரா என்று தெளிவாக இல்லாவிட்டால் சேமித்துவிட்டுக் கேள்" என்று ஒரு வரி சேர்த்தேன்.

மாலையில் அந்த வாடிக்கையாளர் அதே கட்டளையை மறுபடி ஒட்டினார். ஏஜென்ட் சொன்னது: "சேமித்துவிட்டேன், இன்னும் அனுப்பவில்லை. டோக்கனைக் கொடுத்தால் அனுப்புகிறேன்."

டோக்கனைக் கொடுத்தார், போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு 'சென்ட் ரிக்வெஸ்ட்' டூலின் விளக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதுவும் ஒரே வரி, அதுவும் நான் எழுதியதுதான். கடைசி பெர்ரிக்கு இன்னும் நேரம் இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.