மதுரைக்கு எப்போது பூட்டு வந்தது?

என்னுடைய முதல் வைவா, அதாவது ப்ராஜெக்ட் மீதான வாய்மொழித் தேர்வு, நாலு நிமிடத்தில் முடிந்துவிட்டது. எக்ஸ்டெர்னலாக, வெளியிலிருந்து தேர்வாளராக, வந்திருந்த பெரியவர் என் ப்ராஜெக்டின் பதினோராம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "தம்பி, மதுரையில எந்தத் தெருவுல பூட்டு செய்றாங்க?" என்று கேட்டார்.

முதுகலைப் பொருளியல், தமிழ் வழி. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வியாபாரிகளைப் பற்றிய ப்ராஜெக்ட். கல்லூரிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் பழைய ப்ராஜெக்ட்கள் பென்டிரைவில் கிடைக்கும். யாரோ ஒரு சீனியர் திண்டுக்கல் பூ வியாபாரிகளைப் பற்றி எழுதியதை வாங்கி, 'திண்டுக்கல்' வந்த இடமெல்லாம் ஒரே தட்டில் 'மதுரை' ஆக்கினேன். 'திண்டுக்கல்லில்' என்பதெல்லாம் 'மதுரைலில்' என்று உடைந்து கிடந்தது. அவற்றைத் தேடித் தேடித் திருத்த ஒரு ராத்திரி போனது. 'பூட்டுக்குப் பெயர் பெற்ற மதுரை' மட்டும் இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம், அதனால் தப்பித்துக்கொண்டது. 'இது என் சொந்தப் படைப்பு என உறுதியளிக்கிறேன்' என்ற பக்கம்கூட அதே பென்டிரைவில் இருந்ததுதான். பெயரை மாற்றிக் கையெழுத்துப் போட்டேன்.

அது மட்டுமில்லை. நூறு வினாத்தாள் என்று கணக்கு. முப்பத்தோரு பேரிடம் கேட்டிருந்தேன். மிச்சத்தை ஹாஸ்டலில் உட்கார்ந்து நீலப் பேனா, கறுப்புப் பேனா மாற்றி மாற்றி நானே நிரப்பினேன். பூ விலை ஏன் ஏறுகிறது என்ற கேள்விக்கு நான் நிரப்பிய தாள்களில் எல்லாம் முகூர்த்த நாள், திருவிழா. கடைக்காரர்கள் சொன்னதில் பாதிக்கு மேல் பனி. மார்கழிப் பனியில் மல்லிகை மொட்டு விடாது, வரத்து குறையும், விலை எகிறும். வியாபாரிக்குத் தெரிந்தது ஹாஸ்டல் அறைக்குத் தெரியவில்லை. எக்ஸ்டெர்னல் அடுத்துக் கேட்டதும் அதைத்தான். ஒரு செமஸ்டர் போனது.

இத்தனைக்கும் ஏற்கெனவே வந்த எழுத்துகளோடு ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் என் ப்ராஜெக்ட் சுத்தமாக வந்திருந்தது. சீனியரின் ஸ்பைரல் பைண்டிங் எந்தத் தரவுத்தளத்திலும் ஏறவில்லை, அவ்வளவுதான். அதனால் "பத்து சதவீதத்துக்குள்ள வந்துருச்சு" என்று நிம்மதி அடையும் தம்பிகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைப்படி ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் திருத்தித் தரவே ஓராண்டு தடை. 60ஐத் தாண்டினால் படிப்புக்கான பதிவே ரத்து. மேற்கோள் காட்டி மூலம் சொன்ன பகுதி, நூற்பட்டியல், நன்றியுரை, சட்டப் பிரிவுகள் இதில் சேராது. ஆனால் இது சொற்களின் ஒப்புமையை மட்டும் அளக்கிற கணக்கு. ஆங்கில ஆய்வேட்டைத் தமிழாக்கி உங்கள் பெயரில் கொடுத்தால் மென்பொருள் பிடிக்காமல் போகலாம். 'செய்யப்படுகிறது', 'கருதப்படுகிறது' என்று வரிக்கு வரி வந்தால் வாசிக்கிற ஆள் பிடித்துவிடுவார்.

திருட வேண்டும் என்று நினைக்காமலே திருடுவதும் உண்டு. ஒரு புத்தகத்தைப் படித்து நோட்டில் எழுதுகிறோம். மூன்று மாதம் கழித்து அது யாருடைய வாக்கியம் என்றே தெரியாது. இரண்டாம் முறை நான் செய்தது இதுதான்: அடுத்தவர் வாக்கியம் சிவப்பு மையில், பக்க எண்ணோடு. என் புரிதல் நீலத்தில், புத்தகத்தை மூடி வைத்த பிறகு. மூடினால் எழுத வரவில்லையா, புரியவில்லை என்று அர்த்தம். நத்தம் சாலையில் இப்போது கலைஞர் நூலகம் இருக்கிறது, மூலப் புத்தகத்தைக் கையில் எடுத்தே சரிபார்க்கலாம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஏறியிருக்கும் ஆய்வேடுகளில் நான் முதலில் திறப்பது கடைசிப் பக்கங்களைத்தான். நூற்பட்டியலைப் பார்த்தால் அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஏஐ தருகிற நூற்பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். இல்லாத புத்தகத்துக்குப் பக்க எண் வரைக்கும் கொடுக்கும்.

அப்புறம், கைடு, அதாவது ப்ராஜெக்டுக்கு வழிகாட்டும் ஆசிரியர். முதல் முறை அவரைப் பார்க்கவே பயந்து மூன்று மாதம் ஒளிந்து திரிந்தேன். இரண்டாம் முறை, கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே போய், "நாற்பத்திரண்டு பேர்தான் சார் பேசினாங்க" என்றேன். திட்டுவார் என்று நின்றேன். "அப்ப நாற்பத்திரண்டுன்னே எழுது. ஏன் மத்தவங்க பேசலைங்கிறதையும் ஒரு பத்தி எழுது" என்றார்.

விடியற்காலை ஏலம் நடக்கும்போது நோட்டை நீட்டினால் யார் பேசுவார்கள்? அதைத்தான் எழுதினேன். வைவாவில் அந்தப் பத்தியைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.