ஓம் என்று மட்டும்தான் சொன்னேன்

"விழக்குள்ள அவவுக்கு எல்லாம் இருந்திச்சே மிஸ்."

அந்தப் பிள்ளை இப்படிச் சொன்னதும் நான் "ஓம்" என்றேன். அவ்வளவுதான். பிறகு இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்குகிற பயிற்சியைத் தொடங்கிவிட்டோம். அடுத்த கட்டிலில் இன்னொருவர் காத்துக்கொண்டிருந்தார், காலை நேரத்து வார்ட் எப்படி ஓடும் என்று பிசியோதெரபி வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பதில் சரியானதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவள் கேட்ட கேள்வி எது என்பதில்தான் இன்னமும் குழப்பம்.

அவ என்றது கிறிஸ்டினா ஃபோகலை. ஜெர்மனியின் ட்ராக் சைக்கிளோட்ட வீராங்கனை. 1990இல் கிர்கிஸ்தானில் பிறந்து, கைக்குழந்தையாகவே ஜெர்மனிக்கு வந்தவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மிரியாம் வெல்டேயுடன் சேர்ந்து அணி ஸ்பிரிண்டில் தங்கம், 2016 ரியோவில் தனி ஸ்பிரிண்டில் தங்கம், உலகச் சம்பியன் பட்டம் மட்டும் 11. அவுஸ்திரேலியாவின் அனா மெயர்ஸுக்கும் 11தான், 2018இல் ஃபோகல் அந்த எண்ணிக்கையைத் தொட்டார். அதே வருடம் ஜூன் 26, கொட்பஸ் நகரில் பயிற்சி ஓட்டத்தின்போது, ட்ராக்கில் நின்றநிலைத் தொடக்கம் பழகிக்கொண்டிருந்த ஓர் இளம் நெதர்லாந்து ஓட்டக்காரர் மீது முழு வேகத்தில் மோதி விழுந்தார். நெஞ்சுப் பகுதியின் ஏழாவது முள்ளந்தண்டு எலும்பு மட்டத்தில், முள்ளந்தண்டுக்குள் ஓடுகிற நரம்புத் தண்டான முண்ணாண் அறுந்துபோனது. அப்போது அவருக்கு வயது 27.

நம்முடைய பிள்ளைக்கு அதைவிட ஐந்தாறு வயது குறைவு. மட்டக்களப்பில் வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கிற படுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலத்தைத் தாண்டி ஒவ்வொரு நாளும் சைக்கிளில் கார்மெண்ட் வேலைக்குப் போய் வந்தவள். மண் ஏற்றிய டிப்பர் பின்னாலிருந்து தட்டியது. அதற்குமேல் அந்தக் கதையை எழுத விருப்பமில்லை, இந்த மாவட்டத்தில் அது புதிய கதையும் இல்லை. அவளுடைய காயம் பத்தாவது எலும்பில்.

டொக்டர் தாய் தகப்பனிடம் தெளிவாகவே சொல்லிவிட்டார், நடக்க வாய்ப்பில்லை என்று. தாய் எங்கள் எல்லோரிடமும் கேட்டது ஒன்றுதான்: "மகளுக்கு இப்ப சொல்ல வேணாம் மிஸ், கொஞ்சம் தேறட்டும்." இந்த ஏற்பாடு எப்படி என்று தெரியும்தானே. வார்டில் எல்லோருக்கும் தெரியும், நேர்ஸ்மாருக்குத் தெரியும், சாப்பாடு கொண்டுவருகிற சித்திக்குத் தெரியும், பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் தெரியும், கட்டிலில் கிடக்கிற ஆளிடம் மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. சொல்வது என்னுடைய வேலையும் இல்லை. நான் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பேன், கைக்குப் பலம் ஏற்றுவேன், கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறப் பழக்குவேன். ஆனால் கதிரைக்கு மாறப் பழக்கும்போதே ஆள் கேட்கும், "இது எத்தின நாளைக்கு மிஸ்?" என்று. அவளும் கேட்டாள். "முதல் இது பழகுவம், பிறகு பாப்பம்" என்று நானும் சொன்னேன். நாங்கள் எல்லோரும் சொல்வதுதான்.

பிறகு அவள் பயிற்சிக்கு ஒத்துழைப்பதை நிறுத்திவிட்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துக்கிடப்பாள். தாய் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவள்ட மனசுக்குத் தெம்பா ஏதும் கதைங்க மிஸ்" என்றா. அப்போதுதான் ஃபோகலின் ஞாபகம் வந்தது. சைக்கிள் ஓடிய பிள்ளைக்கு சைக்கிள் ஓடிய பெண்ணின் கதை, இது பொருத்தம் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், பாதி நேரம்.

மற்றப் பாதி நேரம் எனக்கு வேறொன்று தோன்றும். ஏன் அனா மெயர்ஸின் கதையைச் சொல்லவில்லை? தெம்புதான் வேண்டுமென்றால் அது எவ்வளவு நல்ல கதை. 2008 ஜனவரியில் லொஸ் ஏஞ்சலிஸில் விழுந்து கழுத்து முள்ளந்தண்டு எலும்பில் முறிவு, அதே வருடம் பீஜிங்கில் ஸ்பிரிண்டில் வெள்ளிப் பதக்கம், 2012இல் லண்டனில் பிரித்தானியாவின் விக்டோரியா பெண்டில்டனைத் தோற்கடித்துத் தங்கம். தாய்க்கு அந்தக் கதை தேனாக இனித்திருக்கும். ஆனால் அவருடைய முண்ணாணுக்குச் சேதமில்லை, எழும்பி நடந்தார். பத்தாவது எலும்பில் முண்ணாண் முற்றாகப் பாதிக்கப்பட்ட ஒருத்திக்கு அந்தக் கதையைச் சொன்னால் அது பொய் சொல்வதற்குச் சமம். ஃபோகலே 2009இல் ஒருதரம் வீதியில் பயிற்சி செய்யும்போது வாகனம் மோதி இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்து மீண்டவர்தான், அந்தப் பகுதியை மட்டும் சொல்லியிருக்கலாம், அதுவும் அதே பொய்தான். நான் தேர்ந்தெடுத்தது 2018 செப்டெம்பரை. பேர்லின் ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலியில் வந்து பத்திரிகைக்காரர்கள் முன்னால் இருந்து, இனி நடக்க முடியாது என்பதை எந்தப் பூச்சும் இல்லாமல் அவர் சொன்ன நாட்கள். அந்தப் படங்களைத்தான் போனில் எடுத்துக் காட்டினேன்.

அப்படியென்றால் நான் செய்தது தெம்பு கொடுத்ததா, அல்லது தாய் சொல்ல வேண்டாம் என்றதை ஒரு ஜெர்மன்காரியின் வாயால் சொல்லவைத்ததா?

அந்த நேரத்தில் அப்படி யோசிக்கவில்லை என்று அடித்துச் சொல்வேன். ஆனால் நூற்றுக்கணக்கான கதைகள் இருக்க இந்தக் கதைதான் கைக்கு வந்தது என்பதையும் மறைக்க முடியவில்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். நான் விபத்திலிருந்துதான் தொடங்கினேன். விழுந்தார், இப்படிக் கிடந்தார், இப்படிப் பயிற்சி செய்தார், ஒரு வருடம் ஆகுமுன்னே 2019இல் ஏர்ஃபுர்ட் நகரசபைக்குத் தெரிவானார், டோக்கியோ ஒலிம்பிக்குக்கு டிவியில் விளக்கம் சொன்னார் என்று போனேன். அவள் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள், "அதுக்கு முதல் என்ன செஞ்சவ?"

எனக்கு அதுக்கு முதல் அவ்வளவாகத் தெரியாது. பதக்கக் கணக்கு தெரியும், விளையாட்டு தெரியாது. அன்றிரவு வீட்டில் இருந்து பார்த்தேன், உண்மையில் எனக்கே பிடித்துப்போனது. அடுத்த நாள் வந்து விளங்கப்படுத்தினேன். நம்முடைய சித்திரைப் புத்தாண்டு சைக்கிளோட்டம் மாதிரி வீதியில் ஓடுவதில்லை, 250 மீட்டர் மரத்தளத்தில் ஓடுவது, வளைவுகள் 40 பாகைக்கு மேல் சரிந்து சுவர் மாதிரி நிற்கும். சைக்கிளில் பிரேக் கிடையாது. பெடலை மிதிக்காமல் சும்மா உருள விடவும் முடியாது, சில்லு சுற்றினால் காலும் சுற்றத்தான் வேண்டும்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "பிரேக் இல்லாட்டி எப்பிடி மிஸ் நிப்பாட்டுற?"

காலால் எதிர்த்து அழுத்தி, மெல்ல மெல்ல. அதைச் சொன்னதும் காலைப் பற்றிப் பேசிவிட்டோமே என்று நான்தான் தடுமாறினேன், அவள் தடுமாறவில்லை. அப்புறம் ஸ்பிரிண்ட் வீடியோ ஒன்று பார்த்தோம். இரண்டே பேர், மூன்று சுற்று, ஆனால் முதல் சுற்றுகளில் யாரும் வேகமாகப் போவதில்லை. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் களைத்துப்போவார், பின்னால் வருகிறவர் அந்த மறைவில் சுகமாக வந்து கடைசியில் பாய்ந்துவிடுவார், அதனால் இரண்டு பேருமே மற்றவரை முன்னால் தள்ளப் பார்ப்பார்கள். சில நேரம் சைக்கிளை அப்படியே அசையாமல் நிறுத்திக்கொண்டு நிற்பார்கள். "சண்டைக்கு விட்ட சேவல் ரெண்டு முழிசிற மாதிரி நிக்காளுகள்" என்று சிரித்தாள். காற்றுக் கணக்கை அவளுக்கு விளங்கப்படுத்தத் தேவையே இருக்கவில்லை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பாலத்துக்கு மேலே சைக்கிள் மிதித்தவளுக்கு அது தெரியாதா? கூட்டாளிகளோடு வரும்போது ஆளாளுக்கு மாறி முன்னால் போவார்களாம்.

லண்டன் இறுதிப்போட்டி அவளுக்குப் பிடிக்கவில்லை. அது இரண்டு பேர் அணியின் ஓட்டம், முன்னால் போகிறவர் குறித்த இடத்தில் விலகி மற்றவருக்கு வழிவிட வேண்டும். முதலில் பிரித்தானிய அணியை அந்த மாற்றலில் பிழை என்று கீழிறக்கினார்கள், அதனால்தான் ஜெர்மனி இறுதிக்கு வந்தது, இறுதியில் கோட்டை முதலில் தாண்டிய சீன அணிக்கும் அதே பிழை, தங்கம் ஜெர்மனிக்கு. "அது கிடைச்சது, வெண்டது இல்ல" என்றாள். ரியோவைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிரித்தானியாவின் பெக்கி ஜேம்ஸுடன் இறுதிப்போட்டி, மூன்று ஓட்டத்தில் இரண்டை வென்றால் தங்கம், அதில் ஒன்றில் கோட்டைத் தாண்டுகிற நேரத்தில் ஃபோகலின் சைக்கிள் சீட் கழன்று விழுந்துவிட்டது, அப்படியும் வென்றார். இந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டே அவள் கையை ஊன்றி எழும்பி இருந்ததை நான் ஒன்றும் சொல்லாமல் கவனித்துக்கொண்டேன். "உனக்கு வயித்துத் தசை அவவ விடக் கூட வேலை செய்யும், அவவுக்கு ஏழு, உனக்குப் பத்து" என்று சொன்னேன். அது உண்மை, காயம் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு கூடத் தசை வேலை செய்யும். அந்த நேரத்தில் சொல்லக்கூடியதிலேயே நல்ல விசயம் அதுதான் என்று பட்டது.

அதற்குத்தான் அவள் அப்படிச் சொன்னாள். விழக்குள்ள அவவுக்கு எல்லாம் இருந்திச்சே.

இருந்ததுதான். பதக்கம், பெயர், ஜெர்மன் மத்திய பொலிஸில் நிரந்தர உத்தியோகம், விழுந்ததும் நிதி திரட்டிய சக ஓட்டக்காரர்கள், துணைவர். இவளுக்குப் படுவான்கரையில் ஒரு கல்வீடு, வாசலில் மூன்று படி, வளவு முழுக்க மணல், அந்த மணலில் சக்கர நாற்காலியை ஒரு ஆள் தள்ளுவதே பாடு. இதையெல்லாம் நான் யோசிக்காமல் இல்லை, ஆனால் ஒரு மனிதருக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரண்டு படுக்க வேண்டியிருப்பது பதக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதானே என்று வாதாடலாம். அன்று வாதாடவில்லை. என்னோடு வேலை செய்கிற மூத்த அக்கா, "ஒலிம்பிக்காரிய ஏன் காட்டின நீ, இஞ்ச ஒருத்தர் கதிரையில இருந்தே போன் திருத்துறார், அவரக் கூப்பிட்டிருக்கலாமே" என்றா. நியாயம். பிறகு அவரையும் கூப்பிட்டோம், வந்தார், நன்றாகத்தான் பேசினார், அவள் மரியாதையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஆனால் என்னைக் குடைவது வசதி பற்றிய வாதம் இல்லை. ஃபோகலின் கதையைத் தன் கதையோடு ஒப்பிட வேண்டுமென்றால், தானும் அதே மாதிரித்தான் விழுந்திருக்கிறேன் என்று அவள் ஏற்கனவே முடிவுக்கு வந்திருக்க வேண்டும். நடக்க மாட்டேன் என்று தெரியாதவள் அப்படி ஒப்பிட மாட்டாள். அப்படியென்றால் அவள் கேட்டது இரண்டு. ஒன்று வாயால் கேட்டது, மற்றது கேட்காமல் கேட்டது. நான் ஒரே "ஓம்"மில் இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டேனா? தாய்க்குக் கொடுத்த வாக்கை அந்த இடத்தில் மீறிவிட்டேனா, அல்லது அந்தப் பிள்ளைக்கு யாருமே கொடுக்காத மரியாதையைக் கொடுத்தேனா? சில நாட்களில் இரண்டாவதுதான் என்று நம்புகிறேன். வேறு சில நாட்களில், அவள் அதைப் பொருமலாகச் சொல்லவே இல்லை, "பாவம், அதுக்கு முதலாவது அவ எல்லாம் கண்டாவே" என்ற சந்தோசத்தில்தான் சொன்னாள், நான்தான் சும்மா போட்டுக் கிண்டுகிறேன் என்று தோன்றும். குரல் ஞாபகமிருக்கிறது, தொனி ஞாபகமில்லை. அன்று பின்னேரம் அவள் பயிற்சியை ஒழுங்காகச் செய்தாள் என்பது மட்டும் உண்மை, அதிலிருந்து எதையும் நிரூபிக்க முடியாது, பயிற்சி செய்வதும் அழுவதும் ஒரே நாளில் நடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி வெற்றி வீரர்களின் கதைகளை வார்டுக்குள் கொண்டுபோவதில்லை என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்த பிறகும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், ஒரே வித்தியாசம், இப்போது விபத்திலிருந்து தொடங்குவதில்லை, பிரேக் இல்லாத சைக்கிளிலிருந்து தொடங்குகிறேன். ஒரு வயதான ஐயா பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளைக்கு இது தேவையா" என்றுவிட்டு நித்திரையாகிப்போனார்.

அவள் கிளினிக்குக்கு வருவாள், தகப்பன் தெரிந்த ஒருவரின் ஓட்டோவில் கூட்டி வருவார். தையல் மெஷினைக் காலால் இல்லாமல் கையால் இயக்குகிற மாதிரி மாற்றித் தர யாரும் இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம், மாற்றுவது பெரிய வேலையில்லை என்கிறார்கள், ஆனால் ஆளைப் பிடிப்பதுதான் பாடாக இருக்கிறது. மகளுக்குச் சொல்ல வேண்டாம் என்ற அந்த விசயத்தைப் பற்றித் தாய் என்னிடம் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. போன முறை வந்தபோது பக்கத்தில் புதிதாக ஒரு அக்கா இருந்தா, நான் அவவிடம் ரியோ ஓட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன், முதல் ஓட்டத்திலேயே சீட் கழன்றது என்று. இவள் தன்னுடைய கதிரையைத் தானே உருட்டிக்கொண்டு கிட்ட வந்தாள்.

"மிஸ் பிழையாச் சொல்றாங்க அக்கா. முதலாவதுல இல்ல, ரெண்டாவதுலதான் கழண்டது. போனத் தாங்க மிஸ், நான் காட்டுறன்."