பாரத்தோடு உட்கார வைத்து அளக்க வேண்டும்

கனடாவில், ஒன்டாரியோவின் சட்பரி பக்கம், பனியில் ஓட்டும் ஸ்நோமொபைல் வண்டிகளின் பட்டறை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம். ஹேண்டிலைத் திருப்பினாலும் வளைவில் வண்டி நேராகவே போகிறது என்று ஒருவர் வந்தார். திரும்பாதது ஸ்கீ, அதாவது வண்டியின் முன்னால் பனியில் சறுக்கும் கட்டை, அப்போது கோளாறும் முன்பக்கம்தான் என்று நானே முடிவு கட்டி, ஸ்கீக்கு அடியில் இருக்கும் கார்பைடு கம்பியை மாற்றி, முன் ஸ்பிரிங்கையும் இறுக்கி அனுப்பினேன். நாலே நாளில் திரும்பி வந்துவிட்டார். எனக்கு ரொம்ப அவமானமாக இருந்தது, அவருடைய ஒரு வார இறுதி வீணாகிவிட்டதே என்று வருத்தமும்.

மூத்த மெக்கானிக் ஸ்பானரை எடுக்கவே இல்லை. பின்னால் யார் உட்காருவார், என்ன சாமான் ஏற்றுவீர்கள் என்று கேட்டார். மனைவியும் வருவாராம், ஒரு பெட்ரோல் கேன், ஒரு பெரிய பை. சரி, அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். மறுநாள் பின் பம்பரைத் தூக்கி, சஸ்பென்ஷன் முழுசாக நீண்ட நிலையில் தரையிலிருந்து உயரத்தை அளந்தார். அப்புறம் இருவரையும் குளிர் உடை, ஹெல்மெட், சாமான் எல்லாவற்றோடும் உட்கார வைத்து மறுபடி அளந்தார். 110 மி.மீ. இறங்கியிருந்தது. அந்த வண்டியின் கையேடு சொல்வது 50 முதல் 75 வரை. பின்பக்கம் அப்படிக் குந்திவிட்டால் ஸ்கீயில் பாரமே இருக்காது, பனியில் அது எதைப் பிடிக்கும்?

பின்பக்கத்தைத் தாங்கும் டார்ஷன் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு கட்டையான கேமை இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஏற்றினோம், 70க்கு வந்தது. கையோடு லிமிட்டர் ஸ்ட்ராப்பையும், அதாவது பின் சஸ்பென்ஷனின் முன்பகுதி எவ்வளவு நீளலாம் என்று கட்டுப்படுத்தும் பட்டையையும், ஒரு துளை குறைக்கலாம் என்று நான் போனேன், அவர் தடுத்துவிட்டார். ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், அப்புறம் அடுத்தது. அந்த ஸ்ட்ராப்பைக் குறைத்தால் ஸ்கீ பனியை நன்றாகக் கடிக்கும், உண்மைதான், ஆனால் அளவு மீறினால் ஸ்டீயரிங் கனத்துக் கை ஓய்ந்துவிடும், ஆழமான பனியில் மூக்கும் புதையும். ஓட்டிப் பார்த்ததில் அதைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை. தொட்டிருந்தால் வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டையான ட்ராக்கின் தொய்வையும் மறுபடி சரிபார்த்திருக்க வேண்டும், பலர் மறப்பது இதைத்தான்.

தனியாகப் போகும்போது என்ன செய்வது என்று வாடிக்கையாளர் கேட்டார். அவரை மட்டும் உட்கார வைத்து இன்னொரு தடவை அளந்து, இரண்டு கேம் நிலைகளையும் ஒரு சீட்டில் எழுதி, இருக்கைக்கு அடியில் ஒட்டிக் கொடுத்தேன். இப்போதும் எந்த வண்டி வந்தாலும் அந்தச் சீட்டு இல்லாமல் நான் அனுப்புவதில்லை.