பட்டறைக்கு வந்த இரண்டு அப்ரண்டிஸ்கள்

2024 ஜூன் 10, காரைக்குடி

எங்கள் இரும்பு கடையும் பட்டறையின் முதலாளி ஆச்சி ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார்கள். இந்த ஆண்டு பட்டறைக்கு இரண்டு அப்ரண்டிஸ், அதாவது தொழிற்பழகுநர், எடுக்கிறோம், அதுவும் ஒப்பந்தம் போட்டு, சட்டப்படி. பட்டறையின் கணக்கையும் ஆள் விவரத்தையும் பார்ப்பது நான்தான். இதை வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவர்களையும் சேர்த்தால் எங்களிடம் நாற்பது பேர். முப்பது பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்கள் தொழிற்பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். மொத்த ஆட்களில் 2.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் கணக்குக்குக் குறைந்தது ஒருவர், மிஞ்சிப்போனால் ஆறு பேர். நாலு பேரிலிருந்து இருபத்தொன்பது பேர் வரை வைத்திருக்கும் சின்னப் பட்டறைகளும் விரும்பினால் எடுக்கலாம். இது இங்கே பல முதலாளிகளுக்குத் தெரிவதே இல்லை.

2024 ஜூன் 12

"ட்ரெயினின்னு சொல்லி ரெண்டு பிள்ளைகள வச்சுக்கிட்டா ஆகாதா, இத்தனை காகிதம் எதுக்கு?" என்று ஆச்சி இன்று மறுபடி கேட்டார்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்தியைப் பற்றிச் சொன்னேன். ஒரு மில்லில் ட்ரெயினி என்ற பெயரில் இரண்டு ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தாள். பக்கத்து மெஷினில் நின்றவர் பார்த்த அதே வேலை, சம்பளத்தில் பாதி. வெளியே வந்தபோது கையில் ஒரு சான்றிதழ்கூட இல்லை. என்ன கற்றாய் என்று அடுத்த இடத்தில் கேட்டால் காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இந்த இடத்தில்தான் உதவுகிறது. அதன்கீழ் வருகிறவர் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். அதனால் பல தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது, இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடும் கிடையாது. ஆனால் தொழிற்சாலைப் பாதுகாப்பு, சுகாதார விதிகள் அவருக்கும் உண்டு. வேலையில் அடிபட்டால் இழப்பீடு முதலாளியின் பொறுப்பு. எந்தத் தொழில், எத்தனை மாதம், எவ்வளவு உதவித்தொகை என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் ஏறி, அது அரசிடம் பதிவாகிறது. பயிற்சி முடிந்து தேர்வில் தேறினால் தேசிய அளவிலான சான்றிதழ்.

இந்தச் சட்டத்துக்கு வெளியே ஒருவரைப் பழகுநர் என்றோ ட்ரெயினி என்றோ வைத்துக்கொண்டால் இஎஸ்ஐ கட்டித்தான் ஆக வேண்டும். அதைக் கட்டாமல், கற்றும் கொடுக்காமல் ஆளை வைத்திருப்பது பிள்ளையின் வயதைத் திருடுவது. எனக்கு இதில் வேறு அபிப்பிராயம் இல்லை.

2024 ஜூன் 19

பணக் கணக்கு. 2019-இல் திருத்திய விதிப்படி ஐடிஐ முடித்தவருக்கு மாதம் 7,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. பத்தாவது மட்டும் என்றால் 6,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இதில் கால் பங்கு, அதிகபட்சம் 1,500, தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் அரசு தருகிறது. அது நேரே பழகுநரின் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். 7,000-க்குக் கால் பங்கு 1,750 வரும், ஆனால் 1,500-உடன் நின்றுவிடும். ஆக ஒரு ஆளுக்கு எங்கள் பங்கு 5,500, இருவருக்கும் 11,000.

7,000 ரூபாயில் ஒரு பிள்ளை பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு என்ன தரும்? விதி சொல்வது குறைந்தபட்சத்தைத்தான், மேலே கொடுக்கத் தடை இல்லை. மதியச் சாப்பாடும் பஸ் காசும் பட்டறைக் கணக்கில் என்று ஆச்சி சொல்லிவிட்டார்கள். வாதாட வேண்டியிருக்கும் என்று பார்த்தேன், தேவைப்படவில்லை.

2024 ஜூலை 1

இருவரும் சேர்ந்தாயிற்று. லேத்தில் இரும்பு கடையும் டர்னர் தொழில் படித்த பையன் தேவகோட்டையிலிருந்து வருகிறான். ஃபிட்டர் படித்த பெண்ணுக்குக் கோட்டையூர், டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் அவளுக்குப் பஸ் காசு வேண்டியதில்லை. ஐடிஐ முடித்தவர்கள் என்பதால் இருவருக்கும் ஓராண்டு. பெண்ணின் கணக்கு ஆதாரோடு இணையவில்லை, அரசுப் பங்கு வராது. நாளை வங்கிக்குப் போக வேண்டும்.

2024 ஜூலை 9

இன்று லேத் பக்கம் வெகுநேரம் நின்றேன். மூத்த டர்னர் அண்ணன் பையனுக்கு முதலில் சொன்னது ஒன்றே ஒன்று: "சக்குச் சாவிய விட்டுக் கைய எடுக்கக் கூடாது. கைய எடுத்தா சாவியும் சேர்ந்து வரணும்." லேத்தில் இரும்பைப் பிடித்துச் சுழற்றும் பகுதி சக்கு, அதை இறுக்குவது இந்தச் சாவி. சாவி சக்கிலேயே இருக்க மெஷினைப் போட்டால் பறந்து வந்து மண்டையைப் பிளந்துவிடும்.

அப்புறம் அரிசி ஆலை ஒன்றுக்கான ஷாஃப்டு. பேரிங் உட்காரும் இடம் 50 மில்லிமீட்டர். கடைசி வெட்டு முடிந்ததும் பையன் மைக்ரோமீட்டரை வைத்தான், அளவு சரியாக நின்றது. அண்ணன் ஒன்றும் பேசாமல் அவனை டீ குடிக்க அனுப்பினார். வந்து மறுபடி அளந்தால் மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு குறைந்திருந்தது. கடையும்போது ஏறிய சூட்டில் இரும்பு பெருத்திருந்தது, ஆறியதும் சுருங்கிவிட்டது. 0.02 மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பேரிங் லூசாகிவிடும். அந்த ஷாஃப்டைப் பழைய இரும்பில் போட்டுவிட்டு அண்ணன் புதுக் கம்பி எடுத்துக் கொடுத்தார்.

அப்ரண்டிஸ் எடுக்கும் முதலாளிக்கு உண்மையான செலவு இதுதான். 5,500 ரூபாயைச் சுலபமாக எழுதிவிடலாம். கெட்டுப்போகிற இரும்புக்கும், தன் வேலையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நிற்கிற மூத்த ஆளின் நேரத்துக்கும் எந்தத் திட்டமும் பணம் தராது. அந்த நேரத்தைக் கொடுக்க மனசில்லாதவர்கள் பழகுநரை எடுக்கவே வேண்டாம்.

2024 ஜூலை 26

ஆர்டர் அவசரம். புதுப் பிள்ளைகள் இருவரும் இரவு ஒன்பது வரை இருக்கட்டும் என்று ஃபோர்மேன் கேட்டார். அப்ரண்டிஸுக்கு ஓவர்டைம் கூடாது என்றேன். அதற்கு அரசின் தொழிற்பழகுநர் ஆலோசகரின் அனுமதி வேண்டும். அது பயிற்சிக்கு அல்லது பொதுநலனுக்கு உதவும் என்றால்தான் அவரும் தருவார், எங்கள் ஆர்டருக்காகத் தர மாட்டார். ஃபோர்மேனுக்குக் கோபம். இருந்தாலும் சரி, இருவரும் வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்குப் போனார்கள்.

2024 ஆகஸ்ட் 14

பயிற்சி முடிந்த பிள்ளைகளை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 22-ஆம் பிரிவு. எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எங்களிடம் எழுதி வைத்தது எதுவும் இல்லாததால் ஆச்சியிடம் உட்கார்ந்தேன்.

"எங்க ஐயா பர்மாவுல பெட்டியடிப் பையனாத்தான் ஆரம்பிச்சாக," என்றார்கள் ஆச்சி. கடை கூட்டுவது, பெட்டியடியில், அதாவது பணப்பெட்டி பக்கத்தில், உட்கார்ந்து கணக்கெழுதப் பழகுவது, அப்புறம் உதவியாளான அடுத்தாள், அதற்கப்புறம் கடைப் பொறுப்பாளரான மேலாள். செட்டிநாட்டுப் பிள்ளைகள் வட்டித் தொழில் கற்ற வழி அது. "கத்துக்கிட்டவன வெளிய விட்டா அடுத்த கடைக்காரன் கூட்டிட்டுப் போயிருவான்னு எங்க ஐயா சொல்வாக."

இரண்டே வரி எழுதினோம். இடம் காலியானால் வெளியே ஆள் தேடுமுன் இங்கே பழகியவர்களைக் கேட்பது. இடம் இல்லாவிட்டால், என்னென்ன வேலை தெரியும் என்று விவரமாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது.

2024 ஆகஸ்ட் 20

பையனின் அண்ணன் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஆக்ட் அப்ரண்டிஸ், அதாவது இதே சட்டப்படியான பயிற்சி, முடித்தவனாம். ரயில்வேயிலேயே பழகியவர்களுக்கு அங்கே கடைநிலைப் பணிகளில் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதனால் பிள்ளைகள் அங்கே போகத் துடிப்பது நியாயம்தான். இவனும் ரயில்வே தேர்வு எழுதப் போகிறேன் என்கிறான். நன்றாக எழுதட்டும், விடுப்புச் சீட்டில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். பெண்ணுக்கு அரசுப் பங்கு 1,500 இன்றைக்குத்தான் கணக்கில் ஏறியது.