ஒரு மா நிலத்தை மருந்தடிக்காமல் விட்டோம்

மன்னார்குடிப் பக்கம் ஒரு சிற்றூரில், சம்பா சாகுபடி செய்யும் 14 விவசாயிகளோடு ஒரு பருவம் முழுக்க இருந்தேன். வாரம் ஒரு நாள் காலையில் வயலில் கூடிப் பூச்சியை எண்ணுவோம். எண்ணி முடித்த பிறகுதான் மருந்து வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே. உழவர் வயல்வெளிப் பள்ளி என்று இதற்குப் பெயர். 1989-ல் இந்தோனேசியாவில் நெல் விவசாயிகளுக்காகத் தொடங்கிய முறை. மருந்தடிக்க அடிக்க, நெல் தண்டில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி பெருகிக்கொண்டே போனதால், 1986-லேயே அந்த நாட்டு அரசு 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தடை செய்திருந்தது.

முதல் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். அப்புறம் ஒரு பெரியவர், "விளைச்சல் போனா நீங்களா தம்பி கொடுப்பீங்க?" என்றார்.

நியாயமான கேள்வி. குத்தகை நிலம், நகைக் கடன், அறுவடையில் தருவதாகச் சொல்லி மருந்துக்கடையில் வைத்திருக்கும் பாக்கி. இத்தனையும் தலைமேல் இருக்கும்போது மருந்துதான் அவருக்குத் தைரியம். அதைப் பிடுங்கிக்கொண்டு அவரை வெறுங்கையோடு நிறுத்துவது தப்பு. அதனால் நான் கேட்டதைக் குறைத்துக்கொண்டேன். ஏக்கரில் மூன்றில் ஒரு பங்குதான் ஒரு மா. "மூணு ஏக்கர்ல ஒரே ஒரு மா மட்டும் விடுங்கய்யா. நட்ட 40 நாள் வரைக்கும் அதுல மருந்து வேண்டாம். வாராவாரம் நானும் வந்து எண்ணுறேன்" என்றேன். "ஒரு மாதானே, சரி" என்றார்.

இரண்டாம் வாரம், தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, வேரோடு பிடுங்கிய இரண்டு மூன்று தூரை, அதாவது நெல் தண்டுகளை, சேற்றோடு உள்ளே வைத்தோம். பத்துப் புகையான், ஓர் ஓநாய்ச் சிலந்தி. வாயை மெல்லிய துணியால் கட்டி, அவர் வீட்டுத் திண்ணையிலேயே வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் நான் போவதற்குள் அவரும் அவர் வீட்டம்மாவும் எண்ணி முடித்திருந்தார்கள். மிச்சம் மூன்று. தண்டோடு ஒட்டியிருந்த சிலந்தியின் வாயில் இன்னொன்று. "இதையும் சேத்துல்ல நாம கொன்னுக்கிட்டு இருந்திருக்கோம்" என்று அந்தம்மா சொன்னார். நான் ஒரு மாதம் பேசியிருந்தாலும் அந்த வார்த்தை வந்திருக்காது.

அதற்காக எல்லாம் நேராகிவிடவில்லை. நட்ட 28-ஆம் நாள் இலைச்சுருட்டுப்புழு விழுந்து அங்கங்கே இலை வெளுத்தது. வரப்பிலிருந்து பார்த்தால் வயலே போய்விட்ட மாதிரி தெரியும். இறங்கி 100 இலை எண்ணினோம், 7 இலையில் சேதம். நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால்தான் மருந்து. இளம்பயிர் புது இலை விட்டு ஈடுகட்டிவிடும். இதெல்லாம் சொல்லியும் அவர் முகம் தெளியவில்லை. அன்று மாலையே ஏக்கருக்கு 10 கிலோ என்ற கணக்கில் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊற வைத்து, மறுநாள் வடிகட்டி, சோப்பு கலந்து தெளித்தோம். எண்ணிக்கைப்படி அதுகூடத் தேவையில்லைதான். ஆனால் பயந்திருப்பவர் கைக்கு ஏதாவது ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

தவறு என் பக்கமும் நடந்தது. குருத்துப்பூச்சிக்காக டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டை வாங்கி வந்தேன். அட்டையிலிருந்து பொரித்து வரும் குளவி, பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழித்துவிடும். இரண்டு நாள் அடைமழை. மழை விட்டதும் கட்டலாம் என்று வைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தால் குளவிகள் உறைக்குள்ளேயே பொரித்துச் செத்துக் கிடந்தன. கண்ணுக்குத் தூசி மாதிரித் தெரியும் குளவி அது. வாங்கிய உடனே வயலுக்குப் போயிருக்க வேண்டும். கூட்டத்தில் உள்ளதைச் சொல்லி, மறுபடி வாங்கி வந்து, மாலை வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கத்தில் பொருத்தினோம்.

மார்கழியில்தான் உண்மையான சோதனை. எங்கள் குழுவிலேயே ஒருவர், இலை வெளுத்த பயத்தில் யாரிடமும் சொல்லாமல் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்தை இரண்டு முறை அடித்திருந்தார். சிலந்தி போனது, புகையான் பெருகியது. வயல் நடுவில் வட்டவட்டமாகக் காய்ந்து, தீய்ந்த மாதிரி ஆனது. அவரை யாரும் குத்திப் பேசவில்லை. எல்லாருமாகப் போய்த் தண்ணீரை வடித்து, மேலுரமாக யூரியா போடுவதை நிறுத்தச் சொன்னோம்.

பெரியவரின் மாவில் குத்துகளைச் சாய்த்துத் தட்டி, தண்ணீரில் விழுந்ததை எண்ணினோம். ஓரிடத்தில் நட்ட நாற்று தூர்விட்டு நிற்கும் கொத்துதான் குத்து. குத்துக்கு 15 தூர் இருக்கும், புகையான் குத்துக்குப் பன்னிரண்டுக்கு மேல் போகவில்லை. எல்லாக் குத்திலும் சிலந்தி இருந்தது. சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு ஒரு புகையானே ஆபத்து, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். இந்தக் கணக்கை அன்று மற்றவர்களுக்குச் சொன்னவர் அவர்தான்.

தையில் அந்த மாவில் 11 மூட்டை கண்டது. மருந்தடித்த பக்கத்து மாவில் பதினொன்றரை. அந்த அரை மூட்டையை நான் மறைக்கவில்லை. இரண்டு முறை மருந்தும் ஆள்கூலியும் எவ்வளவு என்று அவரே விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார்.

அடுத்த சம்பாவில் மூன்று ஏக்கரையும், இரண்டரை மீட்டருக்கு ஓரடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விட்டு நட்டார். வரப்பில் உளுந்து. நடவு முடிந்த மறுவாரமே போன் செய்து கேட்டார்: "அட்டை எப்ப தம்பி வரும்? மழைக்கு முன்னாடி கொண்டாந்துடுங்க."