மண்ணை எந்தப் பக்கம் எழுதுவது?

சூழ்நிலை மண்டலப் பாடம் எடுக்கும்போது கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு கிழிப்பேன். இடப்பக்கம் உயிருள்ள காரணிகள்: தாவரம், விலங்கு, பூஞ்சை, பாக்டீரியா. வலப்பக்கம் உயிரற்றவை: வெயில், நீர், காற்று, வெப்பநிலை, மண். தேர்வுக்கு இது போதும். ஆனால் மண்ணை வலப்பக்கம் எழுத எனக்கு மனசு ஒப்புவதே இல்லை.

பிள்ளைகளிடம் ஒரு கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் மண்ணைப் போட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி வைக்கச் சொல்வேன். மணல் உடனே அடியில் இறங்கிவிடும். அதன்மேல் வண்டல் படியும். களிமண் மறுநாள்கூட நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். மேலே சருகுத் துணுக்குகள் மிதக்கும். "மிதக்கிறது எந்தப் பக்கம் டீச்சர்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் குடுவையையே வைக்கிறேன். உதிர்ந்த இலை செத்ததுதான். ஆனால் அதன் நரம்புகளுக்குள் பூஞ்சை இழை ஓடிக்கொண்டிருக்கிறதே!

நல்ல விளைமண்ணின் கன அளவில் ஏறக்குறைய பாதி வெற்றிடம். அதில் நீரும் காற்றும் மாறி மாறி நிறையும். மீதியில் பெரும்பங்கு பாறை உடைந்து வந்த தாதுத் துகள். மட்கு வெறும் 5 சதவீதம் இருந்தாலே நல்ல மண் என்போம். அந்தக் கொஞ்சத்தையும், அதைத் தின்று வாழும் நுண்ணுயிர்களையும் எடுத்துவிட்டால் எஞ்சுவது பாறைத் தூள். நிலவில் அது வேண்டிய மட்டும் கிடக்கிறது.

ஐஸ்லாந்துக்குத் தெற்கே 1963 நவம்பரில் கடலடி எரிமலை ஒன்று வெடித்து சர்ட்சி என்ற தீவு எழுந்தது. ஆராய்ச்சியாளர்களைத் தவிர வேறு யாரையும் அங்கே விடுவதில்லை. வெயில், மழை, காற்று, பாறை என்று வலப்பக்கப் பட்டியல் முழுவதும் முதல் நாளே இருந்தது. 1965-இல் கடலலை கொண்டுவந்த விதை ஒன்று முளைத்தது. ஆனாலும் அடுத்த இருபது ஆண்டுகளில் செடிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிழைத்தன; எரிமலை மணலில் நைட்ரஜன் அவ்வளவு குறைவு. 1980-களின் நடுவில் கடற்காகங்கள் கூட்டமாகக் கூடுகட்டத் தொடங்கின. மீனைத் தின்று அவை போட்ட எச்சம் பாறைமேல் சேரச் சேர, அந்தப் பகுதி மட்டும் புல்வெளியானது. கடலில் இருந்த நைட்ரஜன் மீனாகி, பறவையாகி, எச்சமாகி, புல்லாகிவிட்டது. இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்கு இன்னும் சிலிர்க்கும்.

காற்றும் அப்படித்தான். தொடக்க காலப் பூமியின் காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் அதைச் சேர்க்கத் தொடங்கியவை நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள். சுண்ணாம்புப் பாறையின் பெரும்பகுதியும் கடலுயிர்களின் ஓடுதான். ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி 1935-இல் சூழ்நிலை மண்டலம் என்ற கருத்தை முன்வைத்தபோதே, உயிர்களை அவற்றின் சூழலிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது, இரண்டும் சேர்ந்தே ஒரு மண்டலம் என்றுதான் வாதிட்டார். கோடு பிற்பாடு பாடம் நடத்தும் நம் வசதிக்குத் தடித்துவிட்டது. சிறு பிள்ளைகளுக்கு அது வேண்டும், நானும் போடுகிறேன். ஆனால் அதன் குறுக்கே அம்புக்குறிகளும் போட்டுக் காட்டாவிட்டால் பாதிப் பாடம்தான் நடந்திருக்கிறது.

சருகைக் கூட்டிக் கொளுத்துபவர்களோடு நான் மல்லுக்கு நிற்பதும் இதனால்தான். எரித்தால் அதிலுள்ள நைட்ரஜனில் பெரும்பங்கு புகையோடு போய்விடும். சாம்பலில் தங்கும் பொட்டாசியத்தையும் அடுத்த மழை கரைத்துக்கொண்டு போகும். மரத்தடியிலேயே விட்டால் பூஞ்சையும் மண்புழுவும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மட்காக்கி, அதே மரத்தின் வேருக்கே கொடுத்துவிடும். ஓர் ஓரமாகக் குவித்து வைத்தால்கூடப் போதும். தீக்குச்சி மட்டும் வேண்டாம்.