குப்பைத் தொட்டிக்குப் போன பெல்ட்

பெண்கள் ரெஸ்லிங் என்றாலே பலரும் 2016-இல் சார்லட் என்ற வீராங்கனை வென்ற புதிய சாம்பியன் பெல்ட்டிலிருந்துதான் பேச ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அது வருத்தம். அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனமான டபிள்யூடபிள்யூஈ-யின் பழைய பெண்கள் சாம்பியன் பட்டம் 1956 வரை பின்னால் போகிறது. அந்த வருடம் வென்ற ஃபேபுலஸ் மூலா 28 ஆண்டுகள் சாம்பியனாக இருந்தார் என்பது நிறுவனத்தின் கணக்கு. நடுவில் அவரை வென்ற பெண்களும் உண்டு. அவர்கள் பெயர் அந்தக் கணக்கில் இல்லை, அது அநியாயம்.

1984 ஜூலை 23, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். பாடகி சிண்டி லாப்பர் பக்கத்தில் நிற்க, வெண்டி ரிக்டர் மூலாவை வீழ்த்தினார். இசைத் தொலைக்காட்சியான எம்டிவி அதை ஒளிபரப்பியது. அடுத்த வருடம் நவம்பரில் அதே அரங்கில் 'ஸ்பைடர் லேடி' என்று முகமூடி போட்ட ஒருவர் வந்தார். தோள்கள் தரையில் இருக்கும்போது நடுவர் மூன்று எண்ணினால் தோல்வி; ரிக்டர் தோளைத் தூக்கிய பிறகும் நடுவர் மூன்று எண்ணிவிட்டார். கோபத்தில் ரிக்டர் முகமூடியைப் பிடுங்கினால், உள்ளே மூலா! ரிக்டர் அன்றோடு அந்த நிறுவனத்திலிருந்தே வெளியேறிவிட்டார். இன்றைக்குப் பார்த்தாலும் வயிறு எரிகிறது.

அப்புறம் 1995. வேலையை இழந்த சாம்பியன் அலண்ட்ரா பிளேஸ், போட்டி நிறுவனமான டபிள்யூசிடபிள்யூ-வின் நேரலையில் பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். 1998 வரை அந்தப் பட்டத்துக்கு ஆளே இல்லை.

2010-இல் பட்டம் ஓய்வு பெற்றது. அதற்கு முன், 2004 டிசம்பர் 6 அன்று, டபிள்யூடபிள்யூஈ-யின் வாராந்திர டிவி நிகழ்ச்சியான 'ரா'வின் கடைசிப் போட்டியில் லிட்டா டிரிஷ் ஸ்டிராடஸிடமிருந்து அதை வென்றார். அதை மட்டுமாவது தேடிப் பாருங்கள்.